படைப்புழு வந்த ரெண்டு சீசன்: போன் வழியா விரிவாக்கப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மக்காச்சோளத்தத் தின்னுற படைப்புழு வந்தப்ப விவசாயிங்களுக்கு போன் வழியா எப்படி ஆலோசனை போச்சுங்கிறதுதான் இது. மக்காச்சோளம் அதிகமா பயிராகுற, ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கிற சில ஊர்கள்ல நடந்த விஷயம். சம்பந்தப்பட்டவங்க பேரு, ஊர் பேரு எதையும் இங்க எழுதல. இதே மாதிரி வேலை பண்ற மத்தவங்களுக்கு உதவணும்னுதான் நடந்தத ஆரம்பத்துல இருந்து வரிசையா எழுதுறேன். நான் இதுல தகவல் ஒருங்கிணைப்பு பார்த்தேன், அதாவது போன்ல என்ன போகணும், எப்ப போகணும், திரும்பி வர்றத யாரு பார்க்கணும்ங்கிற வேலை.

நிலம் பெரும்பாலும் மானாவாரி. மழை எப்ப எங்க பெய்யுதோ அதப் பொறுத்துதான் விதைப்பு, அதனால ஒரே ஊர்லயே ஒரு வயல்ல பயிர் முழங்கால் உயரம் நிக்கும், அடுத்த வயல்ல அப்பதான் முளை தெரியும். இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வர்றது முக்கால்வாசி இதுலதான் போய் நிக்கும். மொத்தப் பகுதிக்கும் ஒரே ஒரு விரிவாக்க அலுவலர், அதாவது விவசாயிங்களுக்கு பயிர் ஆலோசனை கொண்டு போறவரு, அவருக்கு உதவியா ரெண்டு களப்பணியாளர். விண்ணப்பம், கணக்கெடுப்பு, மேல அனுப்புற அறிக்கைன்னு அவங்களுக்கு மேசை வேலையே ஏகப்பட்டது, ஒரு வயலப் பார்த்துட்டு மறுபடி அதே வயலுக்கு வர்றதுக்குள்ள பயிர் ஒரு பருவத்தத் தாண்டிடும்.

படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-ல ஆப்பிரிக்காவுல தெரிய வந்துச்சு, 2018 மே மாசம் கர்நாடகாவுல பார்த்தாங்க, அப்புறம் ஆசியாவுல மளமளன்னு பரவி 2020-ல ஆஸ்திரேலியா வரைக்கும் போயிடுச்சு. இந்த ஊர்களுக்கு அது முதல் தடவையா வந்த சீசனும் அதுக்கு அடுத்த சீசனும்தான் இந்த ஆய்வு.

இந்தப் பூச்சிகிட்ட நேரம்தான் எல்லாம். தாய் அந்துப்பூச்சி நூறு, இருநூறு முட்டைய ஒரே குவியலா இலையில வச்சு மேல ரோமம் மாதிரி மூடி வச்சுட்டுப் போயிடும், வெயில் காலத்துல ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிடும். புழு ஆறு பருவமா வளரும். முதல் ரெண்டு மூணு பருவத்துல இலையைச் சுரண்டித் தின்னும், அப்ப வெளிய தெரியும், மருந்தும் படும். அதுக்கப்புறம் குருத்துக்குள்ள இறங்கி தன்னோட எச்சத்தாலயே மேல அடைச்சுக்கும். அந்த எச்சம் ஈரமான மரத்தூள் மாதிரி இருக்கும். அதுக்கு மேல எவ்வளவு மருந்து அடிச்சாலும் புழு மேல படுறது கம்மி. ஆனா அது தின்னுறதுல பெரும்பங்கும் அந்தக் கடைசிப் பருவத்துலதான். ஆக, ஒரு வாரம் தள்ளிப் போற தகவல் கிட்டத்தட்ட வராத தகவல்தான்.

ஏற்கனவே இருந்த ஏற்பாடு

போன்ல தகவல் அனுப்புறது புதுசா நாங்க கொண்டு வந்தது கிடையாது. பதிவு பண்ணின விவசாயிங்க எல்லாருக்கும் எஸ்எம்எஸ் போற சேவை ஒண்ணு சில வருஷமாவே ஓடிட்டிருந்துச்சு. இந்தத் தேதிக்கு களை, இந்தத் தேதிக்கு மேலுரம்னு ஒரு அட்டவணை போட்டு எல்லாருக்கும் ஒரே மெசேஜ் ஒரே நாள்ல போகும். அறிக்கையில எத்தனை பேருக்கு மெசேஜ் போச்சுங்கிற எண்ணிக்கை மட்டும் இருக்கும்.

அதுல ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம் இருக்கு, ரொம்பப் பேர் கவனிக்கிறதில்ல. இங்கிலீஷ் எழுத்துல ஒரு எஸ்எம்எஸ்-க்கு 160 இடம் கிடைக்கும், தமிழ் யூனிகோட்ல அனுப்புனா 70 தான். அதுலயும் புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனியா ஒரு இடம் எடுக்கும், மக்காச்சோளம்ங்கிற ஒரே வார்த்தைக்கு 12 இடம் போயிடும். ரெண்டு மூணு மெசேஜா பிரிச்சு அனுப்புனா செலவு கூடும், அதனால எழுதுறவங்க சுருக்கி சுருக்கி, கடைசியில மருந்து பேரும் அளவும் மட்டும் மிஞ்சும். எப்ப அடிக்கணும், எந்த அறிகுறிக்கு அடிக்கணும், எப்ப அடிக்கவே கூடாதுங்கிறது எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிடும். விவசாயிக்கு வந்து சேர்றது கிட்டத்தட்ட ஒரு மருந்துச் சீட்டு.

இது போக சில ஊர்கள்ல இளைஞர்கள் ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப் இருந்துச்சு. அதுல வானிலை, விலை, வாழ்த்து, அரசியல்னு எல்லாம் கலந்து ஓடிட்டிருக்கும்.

முதல்ல கண்ணுல பட்டது

முதல் சீசன்ல படைப்புழுவ முதல்ல பார்த்தவங்க களை எடுக்குற பெண்கள். குனிஞ்சு வேலை பார்க்கிறவங்க கண்ணுக்குத்தான் இலையோட அடிப்பக்கம் தெரியும். இலையில வெள்ளை வெள்ளையா கண்ணாடித்தாள் மாதிரி சுரண்டல் இருக்குன்னு ஒரு அக்கா வயல்காரர்கிட்ட சொல்லியிருக்காங்க, அவரு அது எப்பவும் வர்ற தண்டுத்துளைப்பான் புழுன்னு நினைச்சு, பழக்கமான குருணை மருந்தக் குருத்துல போட்டுட்டு விட்டுட்டாரு. அந்த நிலைமையில யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பாங்க.

களப்பணியாளர் ஒருத்தர் வேற வேலையா அந்தப் பக்கம் போனப்ப குருத்த விரிச்சுப் பார்த்தாரு. தலையில கவுத்துப் போட்ட ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கத்துல சதுரமா நாலு கரும்புள்ளி. அதுக்கு மேல சந்தேகமே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே எல்லாருக்கும் எஸ்எம்எஸ் போச்சு, படைப்புழு வந்திருக்கு, இன்ன மருந்து, லிட்டருக்கு இத்தனை மில்லின்னு. சேவையோட கணக்குப்படி மெசேஜ் கிட்டத்தட்ட எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தாச்சு.

அடுத்த வாரம் வயல் வயலா போய்ப் பார்த்தப்ப மெசேஜ்ல சொன்னபடி சரியான பருவத்துல மருந்து அடிச்சவங்க ரொம்பக் கம்மி. முன்னாடி விதைச்சவங்க வயல்ல புழு ஏற்கனவே குருத்துக்குள்ள போயாச்சு, அவங்க மருந்து அடிச்சும் பலன் இல்ல. அதப் பார்த்துட்டு இந்த மருந்து கேக்கலன்னு ஊருக்குள்ள பேச்சு ஆயிடுச்சு. இன்னொரு பக்கம் அப்பதான் முளைச்ச வயலுக்காரங்க புழுவே இல்லாத பயிருக்கு பயந்துக்கிட்டு அடிச்சிருந்தாங்க. ஒரே மெசேஜ், ஒருத்தருக்கு லேட்டு, இன்னொருத்தருக்கு ரொம்ப சீக்கிரம்.

தகவல் எங்க நின்னு போச்சுன்னு பார்த்தது

அலுவலர் இங்க ஒரு நல்ல முடிவு எடுத்தாரு. இன்னொரு மெசேஜ் போட்டு அனுப்புறதுக்கு முன்னாடி, போன மெசேஜுக்கு என்ன ஆச்சுன்னு வீடு வீடா கேட்டுட்டு வரச் சொன்னாரு. பரபரப்பான நேரத்துல இதுக்குன்னு சில நாள் ஒதுக்குறது கஷ்டம்தான், ஆனா அதுல கிடைச்சதுதான் பின்னாடி எல்லாத்தையும் தீர்மானிச்சுச்சு.

நிறைய வீட்டுல பதிவான நம்பர் வீட்டு ஆம்பளையோடது, அவரு வெளியூர்ல வேலையில இருக்காரு. மெசேஜ் அவரு போனுக்குப் போகுது, வயலப் பார்த்துக்கிறது அவரு மனைவியோ அம்மாவோ. சிலர் நம்பர் மாத்தி வருஷக்கணக்கா ஆச்சு, பழைய நம்பர் யார்கிட்ட இருக்குன்னே தெரியல. குத்தகைக்கு ஓட்டுறவங்க பதிவுலயே கிடையாது, பதிவு நில உரிமையாளர் பேர்ல இருந்துச்சு. அப்புறம், மெசேஜ் வந்தும் படிக்காதவங்கதான் பெரிய கூட்டம், கம்பெனி விளம்பரமும் லோன் மெசேஜும் வந்து குவியுற அதே பெட்டிக்குள்ள இதுவும் கிடந்துச்சு.

படிச்சவங்ககிட்டயும் ஒரு சிக்கல். லிட்டருக்கு இத்தனை மில்லின்னு நாம எழுதுறோம், வயல்ல அளக்குறது பாட்டில் மூடியில, டேங்குக்கு இத்தனை மூடின்னு. டேங்க் சிலர்கிட்ட 10 லிட்டர், சிலர்கிட்ட 16 லிட்டர். மூடியும் பாட்டிலுக்கு பாட்டில் மாறும். ஒரு பெரியவர்கிட்ட மெசேஜக் காட்டி எப்படி கலந்தீங்கன்னு கேட்டா, "கடைத்தம்பி ரெண்டு மூடின்னாரு, ரெண்டு மூடி ஊத்துனேன்"னாரு. அந்த மூடிய வாங்கி தண்ணி ஊத்தி அளந்து பார்த்தா, சொன்ன அளவுல பாதி கூட வரல.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, தேதிய விட்டுட்டு பயிரோட வயச வச்சு தகவல் அனுப்புறது. அதுக்கு ஒவ்வொருத்தரோட விதைப்புத் தேதி வேணும். ஃபாரம் கொடுத்து நிரப்பச் சொன்னா நடக்காது, அதனால ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தா திரும்ப கால் வரும், விதைச்சு எத்தனை வாரம் ஆச்சோ அந்த எண்ண அமுக்கினா போதும்னு வச்சோம். துல்லியமா நாள் தெரியணும்னு இல்ல, வாரம் தெரிஞ்சாலே பயிர் எந்தப் பருவத்துல இருக்குன்னு பிடிச்சிடலாம். அதுக்கப்புறம் முளைச்ச பயிருக்கு ஒரு தகவல், குருத்து விரியுற பயிருக்கு ஒண்ணு, பூ எடுக்குற பயிருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போக ஆரம்பிச்சுச்சு.

ரெண்டாவது, எழுத்த விட்டுட்டு குரலுக்கு மாறுறது. படிக்கத் தெரியாதவங்களுக்காகன்னு மட்டும் இத எடுத்துக்காதீங்க, ஒரு நிமிஷப் பேச்சுல காரணமும் சேர்த்துச் சொல்ல முடியும், 70 எழுத்துல அது முடியாது. குஜராத்ல ஆவாஜ் ஓட்லோன்னு விவசாயிங்க போன் பண்ணி கேள்வி பதிவு பண்றதும், அடுத்தவங்க கேள்வியையும் பதிலையும் கேட்டுக்கிறதுமா ஒரு ஏற்பாடு ஓடியிருக்கு, சாதாரண பட்டன் போன்லயே. அந்த மாதிரிதான் நாங்களும் யோசிச்சோம். தெரியாத நம்பர்னா எல்லாரும் கட் பண்ணிடுறாங்கங்கிறதால, களப்பணியாளர் வீட்டுக்கு வீடு போனப்பவே அந்த நம்பர அவங்க போன்ல பேரோட சேவ் பண்ணிக் கொடுத்துட்டாரு. அழைப்புல முதல் வார்த்தையே அலுவலர் தன் குரல்ல தன் பேரச் சொல்லி வணக்கம் சொல்றதா வச்சோம், பழகின குரல்னா கட் பண்ண மாட்டாங்க. நேரம் சாயங்காலம் விளக்கு வச்சதுக்கு அப்புறம். பகல்ல போன் வீட்டுல சார்ஜ்ல கிடக்கும், ஆளு வயல்ல இருப்பாங்க.

மூணாவது, வீட்டுக்கு ரெண்டு நம்பர். உரிமையாளர் நம்பர் ஒண்ணு, வயல்ல நிக்கிறவங்க நம்பர் ஒண்ணு. போனே இல்லாத வீடுகளுக்கும் களை எடுக்கப் போற பெண்களுக்கும் சேர்ற மாதிரி, ஊர்ல இருந்த ஒலிபெருக்கியில வாரத்துக்கு ஒரு தடவை அதே பதிவப் போட்டோம். இது பழைய யோசனைதான். 1998-ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி பக்கம் கிராமத் தகவல் மையங்கள் ஆரம்பிச்சப்ப, வீராம்பட்டினத்து மீனவங்களுக்கு அலை உயரத் தகவல அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல இருந்து எடுத்து ஒலிபெருக்கியிலதான் சொன்னாங்க. தகவல் இன்டர்நெட்ல வரட்டும், கடைசி நூறு அடி எது வழியா போகுதுங்கிறது அந்த ஊரப் பொறுத்தது.

ஆப் போடலாமான்னு பேச்சு வந்துச்சு. ஐநா உணவு வேளாண் நிறுவனம் 2018-ல படைப்புழுவுக்குன்னே ஒரு ஆப் வெளியிட்டிருந்தாங்க, வயல்ல பார்த்ததையும் இனக்கவர்ச்சிப் பொறியில (பெண் பூச்சியோட வாசனைய வச்சு ஆண் பூச்சிய இழுக்குற பொறி) விழுந்த அந்துப்பூச்சி எண்ணிக்கையையும் பதிவு பண்றதுக்கு, நெட் இல்லாத இடத்துல பதிஞ்சுட்டு அப்புறம் அனுப்பிக்கலாம். எல்லா விவசாயிக்கும் ஆப் கொடுக்கிறதுல எங்களுக்கு நம்பிக்கை இல்ல, சீசனுக்கு சில வாரம் மட்டும் தேவைப்படுற ஒண்ண யாரும் போன்ல வச்சிருக்க மாட்டாங்க. அதனால ஊருக்கு ஒருத்தர்னு ஆர்வமானவங்களத் தேர்ந்தெடுத்து அவங்ககிட்ட மட்டும் கொடுத்தோம். வயலுக்குள்ள டபிள்யூ எழுத்து மாதிரி நடந்து, அஞ்சு இடத்துல நின்னு, ஒவ்வொரு இடத்துலயும் பத்து செடியோட குருத்தப் பார்த்து எண்ணிப் போடணும், அதுதான் அவங்க வேலை. இதுல பாதிக்கு மேல பெண்கள் இருக்கணும்னு அலுவலர் கறாரா சொல்லிட்டாரு, முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு அவரு மறக்கல.

நாலாவது முடிவுதான் எனக்கு முக்கியமா படுது. கேள்வி கேக்குறதுக்கு ஒரு வழி வச்சு, அதுக்கு அன்னைக்கே பதில் கொடுக்கிறது. அதே நம்பர்ல குரல்ல கேள்வி பதிவு பண்ணலாம், ஸ்மார்ட்போன் இருக்கிறவங்க போட்டோ அனுப்பலாம். வந்த ஒவ்வொரு கேள்வியும் ஊர், பயிர் வயசு, பிரச்சனை, யாரு பதில் சொன்னதுன்னு ஒரு நோட்டுல ஏறும். நோட்டுன்னா ஒரு ஸ்ப்ரெட்ஷீட்தான், பெரிய சாஃப்ட்வேர் எதுவும் இல்ல. பதில் சொல்ல முடியாத அளவுக்கு கேள்வி வந்துட்டா என்ன பண்றதுன்னு களப்பணியாளர்கள் பயந்தாங்க, அந்தப் பயம் நியாயமானதுதான், அதப் பத்தி பின்னாடி சொல்றேன்.

போட்டோ வர ஆரம்பிச்சப்ப

ஆரம்பத்துல வந்த போட்டோக்கள வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. தூரத்துல இருந்து ஒரு வயல், இல்லன்னா மூடின குருத்து, கை ஆடி மங்கலா. வாட்ஸ்அப் வேற படத்த சுருக்கி அனுப்பும், எங்க எடுத்ததுங்கிற விவரத்தையும் எடுத்துடும். அதனால மூணு படம்னு ஒரு வழக்கம் வச்சோம். ஒண்ணு வயல் தெரியுற மாதிரி, ஒண்ணு முழுச் செடி, ஒண்ணு குருத்த விரிச்சு பக்கத்துல விரல வச்சு கிட்டத்துல. விரல் எதுக்குன்னா புழு எவ்வளவு பெருசுன்னு தெரியணும். சின்னப் புழுன்னா மருந்துக்கு நேரம் இருக்கு, விரல் தடிமன்ல பாதிக்கு வந்துட்டா பதிலே வேற.

இந்த மூணு படம் பழக்கமானதும் தண்டுத்துளைப்பானையும் படைப்புழுவையும் பிரிக்கிறது சுலபமாச்சு. தண்டுத்துளைப்பான் சுருண்ட குருத்து இலையத் துளைக்கும், இலை விரிஞ்சதும் குறுக்கால வரிசையா ஓட்டை இருக்கும். படைப்புழு கண்டபடி கிழிச்சு வச்சிருக்கும், எச்சமும் குவிஞ்சு கிடக்கும். நெட் இல்லாமலே படத்த வச்சு சொல்ற பிளான்ட்வில்லேஜ் நூரு மாதிரி ஆப்கள் இருக்கு, களப்பணியாளர்கள் அதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. ஆனா பதில் எப்பவும் ஒரு ஆள்தான் சொல்லணும்னு முடிவு பண்ணியிருந்தோம். இது படைப்புழுவான்னு மட்டும் தெரிஞ்சா போதாது, அடிக்கலாமா வேண்டாமாங்கிறதுக்கு பயிர் வயசு, எத்தனை செடியில இருக்கு, மழை வருதா, ஏற்கனவே என்ன அடிச்சாங்கன்னு எல்லாம் கேக்கணும்.

ஒரு போட்டோவ மட்டும் விரிவா சொல்லணும். மழை விட்டு ஈரமா இருந்த ஒரு வாரம், ஒரு பெண் விவசாயி ஒரு படம் அனுப்பினாங்க. இலை மேல புழு விறைச்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, உடம்பு முழுக்க வெள்ளையா மாவு பூசின மாதிரி, வால் பக்கம் லேசா பச்சை. கூடவே ஒரு ஆடியோ, "சார், பக்கத்து வயல்ல என்னமோ நல்ல மருந்து அடிச்சிருக்காங்க போல, எங்க வயல் புழுவும் செத்துக் கிடக்கு, அது என்ன மருந்துன்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் வாங்கி அடிச்சிடுறேன்." அது மருந்து செஞ்ச வேலை இல்ல. மெட்டாரைசியம் ரைலேயிங்கிற பூஞ்சை, காத்துல ஈரம் இருந்தா தானாவே புழுவத் தாக்கும். அலுவலர் அவங்களுக்கே நேரா போன் பண்ணி, "அம்மா, இப்ப எதுவும் அடிக்காதீங்க, பூஞ்சைக் கொல்லி எதையும் கலந்து அடிச்சிடாதீங்க, ரெண்டு நாள் விட்டு மறுபடி மூணு படம் அனுப்புங்க"ன்னாரு. அவங்க நம்பல. நம்பாம இருந்தது இயல்புதான், கண்ணு முன்னாடி உசிரோட வேற புழுவும் இருந்துச்சு. மறுநாள் களப்பணியாளர் நேர்ல போயி, வெள்ளையாகிச் செத்த புழு எத்தனை செடியில இருக்கு, உசிரோட இருக்கிறது எத்தனையில இருக்குன்னு அவங்களையே எண்ண வச்சாரு. எண்ணினதுக்கு அப்புறம்தான் அவங்க மருந்து வாங்குற யோசனைய விட்டாங்க. அந்தப் படத்த அவங்க அனுமதியோட எல்லா ஊருக்கும் அனுப்பினோம், இப்படி புழு தெரிஞ்சா அடிக்காதீங்க, முதல்ல எங்கள கூப்பிடுங்கன்னு ஒரு குரல் பதிவோட. அந்த வாரம் வந்த கேள்விகள்ல கணிசமானது அதப் பத்திதான்.

70 எழுத்து மெசேஜ்ல இதச் சொல்லவே முடியாது. அட்டவணையிலயும் இது வராது, யாரோ ஒருத்தர் தன் வயல்ல பார்த்து கேட்டாத்தான் வரும்.

வேகமா பரவின ஒரு ஆடியோ

நடுவுல ஒரு ஆடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சு. யாரோ அடிச்சுச் சொல்ற குரல்ல, ரெண்டு பூச்சிமருந்தையும் ஒரு துணி சோப்புத் தூளையும் சேர்த்து அடிச்சா ஒரே நாள்ல புழு சுத்தமா போயிடும்னு. ரெட்டை அம்புக்குறியோட, பலமுறை ஃபார்வர்ட் ஆனதுங்கிற அடையாளத்தோட வந்துச்சு, யாரு பேசினதுன்னு கடைசி வரைக்கும் தெரியல. எங்க பதிவு ஒவ்வொண்ணும் ஒரு வாரத்துல போய்ச் சேர்ற தூரத்துக்கு இது ஒரு ராத்திரியில போயிடுச்சு. சிலர் அடிச்சும் விட்டாங்க, ரெண்டு வயல்ல இலை கருகிப் போச்சு.

மறுப்பு அறிக்கை மாதிரி ஒண்ணு அனுப்பலாம்னு சிலர் சொன்னாங்க. அலுவலர் வேற மாதிரி பண்ணினாரு. இலை கருகின ஒரு விவசாயிகிட்டயே பேசி, அவரு குரல்லயே என்ன கலந்தாரு, என்ன ஆச்சுன்னு சொல்ல வச்சு, பேரு ஊரு இல்லாம பதிவு பண்ணி, அதே குரூப்கள்ல போட்டாங்க. கடைசியில அலுவலர் ரெண்டு வாக்கியத்துல காரணம் சொன்னாரு. அது நல்லாவே பரவுச்சு. ஆனா இதுல கவனிக்க வேண்டியது, அந்த விவசாயி பேச சம்மதிச்சது அவரு கேட்ட முந்தின கேள்விக்கு இவங்க அன்னைக்கே பதில் கொடுத்திருந்ததால. அந்த நம்பிக்கை முன்னாடியே இல்லாம, பிரச்சனை வந்த அன்னைக்கு போயி நின்னு கேட்டிருந்தா கிடைச்சிருக்காது.

மருந்துக் கடைக்காரங்களையும் இந்த நேரத்துலதான் சேர்த்துக்கிட்டோம். அவங்கள எதிரியா பார்க்கிற பழக்கம் விரிவாக்கத் துறையில நிறைய பேருக்கு இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சாயங்காலம் விவசாயி முதல்ல போய் நிக்கிற இடம் அதுதான். விவசாயிக்குப் போற குரல் பதிவு ஒரு நாள் முன்னாடியே கடைக்கும் போகும்னு வச்சோம், கூடவே டேங்க் அளவுக்கு ஏத்த மாதிரி கோடு போட்ட அளவுக் குவளை கொடுக்கச் சொல்லிக் கேட்டோம். சிலர் ஒத்துக்கிட்டாங்க, சிலர் கண்டுக்கல.

முதல் சீசன் முடிவு

முன்னாடி விதைச்ச வயல்கள்ல சேதம் நிறையத்தான். சிலர் கதிர் பிடிக்காதுன்னு தெரிஞ்சதும் பயிர மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துட்டாங்க. பின்னாடி விதைச்சவங்கள்ல தகவல் சரியான பருவத்துல போனவங்க பெரும்பாலும் பயிரக் காப்பாத்திட்டாங்க. குத்தகைதாரர்கள் நிறைய பேருக்கு அந்த சீசன்ல எதுவுமே போய்ச் சேரல, பதிவத் திருத்துறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடுச்சு.

கேள்வி அதிகமா வந்தா என்ன பண்றதுங்கிற பயம் நிஜமாச்சு. குருத்துப் பருவத்துல ரெண்டு களப்பணியாளரும் ராத்திரி வரைக்கும் பதில் சொல்லிட்டே இருந்தாங்க. ஆனா நோட்டு நிரம்பினப்ப வேற ஒண்ணு தெரிஞ்சுச்சு, கேள்விகள் எல்லா ஊர்ல இருந்தும் ஒரே அளவா வரல, ஒரு வாரம் ரெண்டு மூணு இடத்துலதான் குவியும். அலுவலர் திங்கட்கிழமை அந்த ஷீட்டப் பார்த்துட்டு, அந்த வாரத்துப் பயணத்த கேள்வி குவிஞ்ச ஊருக்கு மாத்தினாரு. முன்னாடி வரிசை முறைப்படி ஊர் ஊரா போவாங்க, போன இடத்துல பிரச்சனை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப வண்டி எங்க போகணும்னு விவசாயிங்களோட கேள்வி சொல்லுச்சு. ஒரு ஊர்ல இருந்து சத்தமே இல்லன்னாலும் ஒரு எட்டு போய்ப் பார்த்தாங்க, சத்தம் இல்லாததுக்கு போன் சிக்னல் இல்லாததும் காரணமா இருக்கலாம், அப்படி ஒரு ஊர் இருக்கவும் செஞ்சுச்சு.

அடுத்த சீசன்

இந்தத் தடவை விதைப்புக்கு முன்னாடியே ஆரம்பிச்சோம். கோடை உழவு பண்ணினா மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழு மேல வந்து வெயில்லயும் பறவைகிட்டயும் மாட்டும், அக்கம்பக்கத்து வயல்கள் முடிஞ்ச வரைக்கும் ஒரே நேரத்துல விதைக்கிறது நல்லது, வரப்புல தட்டைப்பயறு மாதிரி போட்டா நன்மை செய்யுற பூச்சிக்கு இடம் கிடைக்கும், இதெல்லாம் சின்னச் சின்ன குரல் பதிவா போச்சு. பொறியில அந்துப்பூச்சி எண்ணிக்கை ஏறினதும் குருத்தப் பாருங்கன்னு மட்டும் அழைப்பு போகும், மருந்து அடிங்கன்னு போகாது. பொறியில விழுறது ஆண் அந்துப்பூச்சி, அது எச்சரிக்கை மட்டும்தான், முடிவு வயல்ல எண்ணினதுக்கு அப்புறம்தான்.

முட்டைக் குவியல் போட்டோ இந்த சீசன்ல நிறைய வந்துச்சு. போன தடவை புழு பெருசானதுக்கு அப்புறம்தான் படமே வந்துச்சு. முட்டையிலயே பார்த்தா இலையோட கிள்ளி நசுக்கிட்டாலே போதும், சின்ன நிலத்துக்கு மருந்தே வேண்டாம். களை எடுக்கிற பெண்கள் அத வேலையோட வேலையா பண்ணினாங்க. சிலர் அதுக்கு தனியா கூலி கேட்டாங்க, வயல்காரங்க சிலர் கொடுத்தாங்க, அது நியாயம்னுதான் எனக்குப் படுது.

சேதம் போன சீசனை விட நல்லாவே குறைஞ்சுச்சு, மருந்து அடிச்ச தடவையும் குறைஞ்சதா பெரும்பாலானவங்க சொன்னாங்க. ஆனா இத முழுக்க போன் கணக்குல எழுதிட முடியாது. அந்த சீசன்ல மழை அடிக்கடி பெஞ்சுச்சு, சின்னப் புழுவ மழையே கழுவித் தள்ளிடும், பூஞ்சையும் நல்லா வேலை செஞ்சுச்சு. ரெண்டாவது வருஷம்ங்கிறதால விவசாயிங்களுக்கே பூச்சி பழகிடுச்சு. ஒப்பிட்டுப் பார்க்க, இந்த ஏற்பாடு இல்லாத ஊர்னு தனியா எதையும் நாங்க அளந்து வைக்கல. தகவல் சரியான பருவத்துல போச்சு, கேள்விக்கு பதில் போச்சு, அலுவலரோட பயணம் தேவையான இடத்துக்குப் போச்சு, இந்த மூணையும் நோட்ட வச்சு உறுதியா சொல்லலாம். விளைச்சல்ல இதோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

என்னத்த மாத்தணும்

குத்தகைதாரர் பதிவு முதல்ல. நில ஆவணத்த வச்சு பதியுறத விட்டுட்டு, விதைக்கிறவங்க யாரோ அவங்க நம்பர வச்சு பதியணும், மானியத்துக்கான பதிவையும் ஆலோசனைக்கான பதிவையும் தனித்தனியா வச்சுட்டா இதுல உரிமைப் பிரச்சனையே வராது. நில உரிமையாளர்கள் சிலர் இதுக்கு தயங்குறாங்க, குத்தகை எழுத்துல ஏறிடுமோன்னு. அதனால நம்பர் மட்டும் வாங்கணும், சர்வே எண் கேக்கக் கூடாது.

அறிக்கையில எத்தனை மெசேஜ் போச்சுங்கிற வரிக்கு பக்கத்துல, எத்தனை கேள்வி வந்துச்சு, எத்தனைக்கு அன்னைக்கே பதில் போச்சுங்கிற ரெண்டு வரி சேர்க்கணும்னு அலுவலர் மேல எழுதியிருக்காரு. மேல இருக்கிறவங்க எத எண்ணச் சொல்றாங்களோ கீழ அந்த வேலைதான் நடக்கும்.

பதில் சொல்ற வேலைக்கு நேரம் ஒதுக்கணும். இப்ப அது களப்பணியாளர்களோட சொந்த ராத்திரியில நடக்குது, அவங்க சொந்த போன் பேலன்ஸ்ல. குருத்துப் பருவம் ஓடுற வாரங்கள்ல மட்டுமாவது மேசை வேலையக் குறைச்சு, ஒருத்தர் முழுநேரமா பதிலுக்குன்னு உக்காரணும். திரும்பத் திரும்ப வர்ற கேள்விக்கு பதிவு பண்ணின பதில் வச்சுக்கலாம், அதுக்கான தொகுப்பு இப்ப தயாராகிட்டிருக்கு.

கடைசியா, அந்த நம்பர். இப்ப அது அலுவலர் பேர்ல வாங்கின சிம். அவருக்கு இடமாற்றம் வரலாம்னு பேச்சு அடிபடுது. நம்பர அலுவலகத்துப் பேருக்கு மாத்தணும், புதுசா வர்றவரு முதல் சில வாரம் இவரு கூடவே சேர்ந்து அழைப்புல பேசி குரலப் பழக்கணும், விதைப்புத் தேதிப் பட்டியலும் கேள்வி நோட்டும் ஒருத்தரோட லேப்டாப்ல இல்லாம பொதுவா ஒரு இடத்துல இருக்கணும். விண்ணப்பம் கொடுத்தாச்சு, சிம் மாத்துறதுக்கான கையெழுத்து இன்னும் வரல, அடுத்த விதைப்புக்கு முன்னாடி வாங்கிடணும்.